பாட்டன் வாளுக்குப் பெருமை, பக்கத்துப் பட்டறைக்குப் பேரம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது முழுதும் படியுங்கள். இரண்டு வரி படித்துவிட்டு "அருமை சார்" என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். வகுப்பிலேயே எனக்கு அது ஆகாது என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த ஒரு வாரத்தில் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலுமாக ஒரே செய்தி எனக்கு ஆறு முறை வந்தது. உலகமே நடுங்கிய டமாஸ்கஸ் வாள் தமிழன் எஃகில் செய்ததாம். பட்டுத்துணியைக் காற்றிலேயே அறுக்குமாம். நம் முன்னோர்க்கு நானோ தொழில்நுட்பம் அன்றே தெரியுமாம். உண்மைத் தமிழனாக இருந்தால் பகிர வேண்டுமாம். கீழே ஒரு வாள் படம், பக்கத்தில் நாலு தீப்பிழம்பு.

இதே செய்தியைக் காலையில் அனுப்பிய ஒருவர், அன்று மாலையே, தான் ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்ன டமாஸ்கஸ் கத்திக்குப் பேசிய விலையில் பாதியை நெருங்கும் அளவுக்கு அடித்துக் கேட்டிருக்கிறார். கத்தி செய்தவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இரண்டு செய்தியும் அவன் கைப்பேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. "பேர் மட்டும் போட்டுறாதீங்க சார்" என்றான். போடவில்லை. வாங்கியவர் பெயரையும் போடவில்லை. அவர் ஒருவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நம்மில் பாதிப் பேர் அவர்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கிற கொல்லருக்கு நியாயமான கூலி கொடுக்க மனம் வராதவர், செத்துப்போன கொல்லரின் வாளைச் சொல்லி மார்தட்டக் கூடாது.

அந்தச் செய்தியில் எது உண்மை, எது பொய் என்று பிரித்துப் பார்ப்போம்.

உண்மை இது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மிகப் பழங்காலத்திலேயே கொல்லர்கள் உயர்தர எஃகு செய்தார்கள். இரும்புத் துண்டுகளைச் சுடுமண் மூசையில் போட்டு, களிமண்ணால் வாயை மூடி, துருத்தி ஊதி உருக்கினார்கள். சேலம் பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டில் இதைப் பார்த்து எழுதிய ஹீத் என்ற ஆங்கிலேயர், மூசைக்குள் ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் வைத்ததாகக் குறிப்பிடுகிறார். நாம் வேலியோரத்தில் பார்க்கிற அதே ஆவாரை, அதே எருக்கு. அவை கருகிக் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்குக் கரி ஏறிய அந்த எஃகைத்தான் வெள்ளைக்காரர்கள் 'ஊட்ஸ்' என்றார்கள். கன்னட, தெலுங்குச் சொல்லான 'உக்கு' என்பதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். நம் 'உருக்கு' அதற்கு உறவு. நொய்யல் கரையில் நம் சென்னிமலைக்குப் பக்கத்திலிருக்கும் கொடுமணலில் இரும்பு, எஃகு வேலைக்கான தடயங்கள் அகழாய்வில் வந்திருக்கின்றன. இதெல்லாம் பெருமைதான். நான் மறுக்கவில்லை.

இனி, உண்மை அல்லாதது.

ஒன்று, அது தமிழன் மட்டும் செய்ததல்ல. கன்னட நாட்டுக் கொல்லரும் தெலுங்கு நாட்டுக் கொல்லரும் இலங்கைக் கொல்லரும் செய்தார்கள். இன்றைய தெலங்கானாவிலுள்ள கோனசமுத்திரம் என்ற ஊருக்குப் பாரசீக வியாபாரிகள் நேரிலேயே வந்து எஃகு வாங்கிப் போனார்கள். இரண்டு, இங்கிருந்து மேற்கே போனவை பெரும்பாலும் எஃகுக் கட்டிகள். அவற்றைப் பக்குவமான சூட்டில் தட்டித் தட்டி, அலையலையாக நீரோட்டம் போன்ற கோலம் எழும்பும்படி வாளாக்கியவர்களில் பாரசீகத்திலும் மேற்காசியாவிலும் இருந்த கொல்லர்கள் முக்கியமானவர்கள். சூடு கூடினால் கோலம் அழியும், கட்டியே நொறுங்கும். அவர்கள் கைத்திறனையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வது திருட்டு. மூன்று, நானோ கதை. 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 17ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றின் துண்டை அமிலத்தில் கரைத்துப் பார்த்து, கார்பன் நுண்குழாய்கள் தெரிந்ததாக நேச்சர் இதழில் எழுதினார்கள். அதனால் அந்தக் கொல்லருக்கு நுண்குழாய் தெரியும் என்று ஆகுமா? தயிர் உறைய வைக்கிற பாட்டிக்குப் பாக்டீரியாவின் பெயர் தெரியுமா? பாட்டிக்குத் தெரிந்தது பதம். கொல்லருக்குத் தெரிந்ததும் பதம்தான். அதைவிடப் பெரிய பட்டம் அவருக்குத் தேவையில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது வேறு. இந்த எஃகு லண்டனுக்குப் போனது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் இதைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். 1819 முதல் சில ஆண்டுகள் மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்ற கத்தி வினைஞரோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து நீங்கள் படித்த அதே ஃபாரடேதான். அவருடைய அப்பா ஒரு கொல்லர். பியர்சன் பெயர் தெரிகிறது, ஃபாரடே பெயர் தெரிகிறது, சேலத்தில் துருத்தி ஊதியவர் பெயர் நமக்குத் தெரியுமா? ஒருவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. எழுதி வைக்க வேண்டிய ஆள் என்று அன்று நம் ஊரில் எவரும் அவரை நினைக்கவில்லை. இன்றைக்கு அவர் பெயரில்லாத வாளைத்தான் தீப்பிழம்பு போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தொழில் எப்படி அழிந்தது? சீமையிலிருந்து மலிவான எஃகு கப்பல் கப்பலாக வந்தது. உலைக்கு வேண்டிய கரிக்குக் காடும் கிடைக்கவில்லை. வாங்க ஆள் இல்லாமல் உலை அணைந்தது, அப்பன் பிள்ளைக்குச் சொல்லித்தரவில்லை, பதம் மண்ணோடு போயிற்று. பிறகு அதை மீட்க எத்தனை பாடு! அமெரிக்காவில் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும் பென்ட்ரே என்ற கொல்லரும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்து, எஃகில் மிக மிகச் சொற்பமாகக் கலந்திருக்கும் வனேடியம் போன்ற உலோகங்களால்தான் அந்தக் கோலம் வருகிறது என்று 1998இல் எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் பேராசிரியர் பெயரும் இருக்கிறது, கொல்லர் பெயரும் இருக்கிறது. நம் ஊரில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் பட்டறைக்காரர் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் போடுவாரா? யோசித்துப் பாருங்கள்.

அன்று அழிந்ததற்கு வெள்ளைக்காரனைச் சொல்லலாம். இன்று அழிவதற்கு யாரைச் சொல்வது?

இப்போது என் மாணவன் செய்த கத்திக்கு வருகிறேன். இன்று கடைகளில் டமாஸ்கஸ் என்று வருவது அந்தப் பழைய மூசை எஃகு அல்ல. இருவகை எஃகுத் தகடுகளை அடுக்கி, உலையில் ஒன்றாக ஒட்டவைத்துச் செய்வது. இதுவும் பழைய முறைதான். 1973இல் பில் மோரன் என்ற அமெரிக்கக் கொல்லர் ஒரு கண்காட்சியில் இப்படிச் செய்த கத்திகளை வைத்த பிறகு மறுபடி உலகம் முழுதும் பரவியது. என் மாணவன் ஐ.டி.ஐ. ஃபிட்டர். அப்பாவின் பட்டறையில் கொடுவாளும் கொழுவும் அடித்து வளர்ந்தவன். வீடியோ பார்த்தும் கைசுட்டும் கற்றுக்கொண்டான். நான் இந்த முறை ஆறு நாளும் அவன் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஓய்வூதியக்காரனுக்கு வேறென்ன வேலை?

ஆர்டர், எட்டு அங்குலத்தில் ஒரு சமையலறைக் கத்தி. 1095 என்ற வகைத் தகடு ஆறு, 15என்20 என்ற வகைத் தகடு ஆறு. இரண்டாவதில் நிக்கல் உண்டு. மர மில் ரம்பப் பட்டைக்காக உருவான எஃகு அது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பன்னிரண்டு தகடு அடுக்கி, ஓரத்தில் வெல்டு வைத்து, கேஸ் உலையில் கண் கூசும் இளமஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சுகிறான். நடுவில் வெண்காரம் தூவுகிறான், துரு உட்காராமலிருக்க. வெளியே எடுத்ததும் சில நொடிதான் நேரம். அப்பா குறடு பிடிக்க இவன் சம்மட்டி போடுகிறான். ஒரு மூலையில் கசடு சிக்கினாலும் அங்கே ஒட்டாது. ஒட்டாதது அன்றைக்குத் தெரியாது. நாலு நாள் கழித்துச் சாணை பிடிக்கும்போது வாய் பிளக்கும். முதலில் அடித்த கட்டி அப்படித்தான் பிளந்து குப்பைக்குப் போனது. அதற்கான உழைப்பை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

நீட்டிய கட்டியை மூன்றாக வெட்டி அடுக்கினால் 36 அடுக்கு. மறுபடி நீட்டி, வெட்டி, அடுக்கினால் 108. இன்னொரு முறை, 324. பெருக்கல் வாய்ப்பாடு நான் சொல்லிக்கொடுத்தது. உலையில் நின்று அதைப் போட்டவன் அவன். பிறகு கத்தி வடிவம் தட்டி, தேய்த்து, மறுபடி 800 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே காய்ச்சி, வெதுவெதுப்பான எண்ணெயில் முக்கினான். அந்த நொடியில் கத்தி கோணலாம், விரிசல் விடலாம். தப்பியது. ஆனால் அப்போது அது கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் உடையும். அதனால் அடுப்புப் பெட்டியில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைத்து முறுக்கைத் தணித்தான். கடைசியில் ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்கி எடுத்தபோது ஒரு வகை எஃகு கறுத்தது, நிக்கல் கலந்தது வெள்ளியாகவே நின்றது. 324 அடுக்கும் ஆற்று மணலில் தண்ணீர் ஓடி வற்றிய வரி மாதிரி தெரிந்தன. அவன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கணக்கு கேளுங்கள். எஃகு 1,500. கேஸ் 2,000. சாணை பெல்ட் 900. கைப்பிடி மரமும் ஆணியும் 600. தோல் உறை 800. ஆக 5,800 ரூபாய். பேசிய விலை 14,000. மீதி 8,200. ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், 48 மணி நேரம். மணிக்கு 171 ரூபாய் கூலி. அப்பா குறடு பிடித்ததற்கு இதில் தனிக் கூலி கிடையாது.

கத்தி முடிந்ததும் வாடிக்கையாளர் ஓர் இணைப்பு அனுப்பினார். "இதே கத்தி ஆன்லைனில் 1,899. நீ ஏன் இவ்வளவு கேட்கிறாய்? நம்ம ஊர்க்காரன் என்பதற்காக 8,000 தருகிறேன்." கேஸ் கடைக்குப் பாக்கி இருந்ததால் இவன் கொடுத்துவிட்டான். 8,000இல் 5,800 போக 2,200. வகுத்துப் பாருங்கள். மணிக்கு 46 ரூபாய். மூன்று டீக்குச் சரி. இப்போது பனியன் கம்பெனியில் மெக்கானிக் வேலைக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

அந்த 1,899 ரூபாய்ச் சமாசாரம் என்ன தெரியுமா? அந்த விலைக்கு வருவதில் பெரும்பாலானவை சாதாரண ஸ்டெயின்லெஸ் தகட்டின்மேல் லேசரால் வரைந்த கோடு. புடவையில் ஜரிகை நெய்வதற்கும் ஜரிகை மாதிரி பிரின்ட் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். தேர்வு வைத்துப் பார்க்கலாம். கத்தியின் ஓர் ஓரத்தில் உப்புத்தாள் போட்டுக் கோலத்தைத் தேய்த்து அழியுங்கள். அந்த இடத்தை மறுபடி ஃபெரிக் குளோரைடில் நனையுங்கள். அடுக்கிச் செய்ததாக இருந்தால் கோலம் திரும்ப வரும். வரைந்ததாக இருந்தால் வராது. தொழிற்சாலையில் உண்மையாகவே அடுக்கிச் செய்கிற கத்திகளும் இருக்கின்றன. அவை 1,899க்குக் கிடைக்கா.

சிலர் கேட்பீர்கள்: "சார், தக்காளி வெட்ட எதற்கு 14,000 ரூபாய்க் கத்தி?" தேவையே இல்லை. தக்காளிக்கு நூறு ரூபாய்க் கத்தி போதும், அருவாமனை அதைவிட நன்று. டமாஸ்கஸ் என்பதால் கூடுதலாக வெட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பதம் சரியாக ஏற்றிய சாதாரண எஃகும் அப்படியே வெட்டும். வேண்டாதவர் வாங்க வேண்டாம். வாங்க ஆசைப்பட்டு, ஆர்டர் கொடுத்து, விலைக்குச் சம்மதித்து, செய்து முடித்தபின் பாதி விலைக்குக் கேட்பதைத்தான் தப்பு என்கிறேன். கல்யாணத்துக்கு டிரோன் படம் எடுக்க வந்தவர் சொன்ன தொகையை வாய் திறக்காமல் கொடுத்தோமே, அவரிடம் "இணையத்தில் இலவசமாக வானத்துப் படம் கிடைக்கிறதே" என்று கேட்டோமா?

இது டமாஸ்கஸ் கத்தியோடு நிற்கிற வியாதியும் அல்ல. லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்துச் செய்த 700 ரூபாய்க் கொடுவாளை 500க்குக் கேட்கிறோம். பத்து வருடம் தென்னை மட்டை வெட்டும் அந்தக் கொடுவாள். மம்பட்டிக்கு முனை வைத்துத் தர 100 ரூபாய் கேட்டால் "இரும்பு என்னுதுதானே" என்கிறோம். டாக்டரிடம் போய் "உடம்பு என்னுதுதானே" என்று சொல்லிப் பாருங்களேன்.

இன்னொரு கேள்வியும் வரும், தெரியும். "குலக்கல்வியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறீர்களா?" இல்லவே இல்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அந்தத் திட்டத்தை 1954இல் காமராசர் அரசு கைவிட்டதால்தான் என் போன்றவர்கள் வீட்டில் பள்ளிக்கூடம் நுழைந்தது. கொல்லர் மகன் கொல்லராகத்தான் ஆக வேண்டும் என்று எவனாவது சொன்னால் முதலில் எதிர்த்து நிற்பது நானாகத்தான் இருப்பேன். நான் கேட்பது அதற்கு நேர்மாறானது. யார் வீட்டுப் பிள்ளையும், ஆணோ பெண்ணோ, விரும்பினால் இந்த வேலையைக் கற்று, கௌரவமாகப் பிழைக்க முடிய வேண்டும். "படிக்காட்டிப் பட்டறையில போய் சம்மட்டி அடி" என்று பிள்ளையைத் திட்டுகிற வீட்டிலிருந்துதான் "தமிழன் எஃகு" என்று செய்தியும் வருகிறது. சம்மட்டி அடிப்பது தண்டனை என்றால், உன் பாட்டன் வாள் எப்படியப்பா பெருமை ஆயிற்று?

பேசிப் பயனில்லை, என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

1. கைவேலைக்கு ஆர்டர் கொடுக்கும்போது விலை பேசுங்கள், முன்பே பேசுங்கள், பாதித் தொகையை முன்பணமாகக் கொடுங்கள். வேலை முடிந்த பிறகு பேசாதீர்கள்.

2. விலை அதிகம் என்று தோன்றினால் "எத்தனை நாள் வேலை?" என்று கேளுங்கள். பொருள் செலவைக் கழித்து, நாளால் வகுத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. உங்கள் ஒரு நாள் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் பேரம் பேச வாய் வந்தால் பேசுங்கள்.

3. பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. கணக்கு எழுதுங்கள். வீணான கட்டியையும் அப்பா கூலியையும் சேர்த்து எழுதுங்கள். செய்த கத்தியில் உங்கள் பெயரைப் பொறியுங்கள். இன்னும் இருநூறு வருடம் கழித்து யாராவது அதைக் கையில் எடுத்தால், செய்தவன் பெயர் தெரியாது என்று சொல்லக் கூடாது.

4. அந்த வாள் செய்தியை இனி எனக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பத்தான் வேண்டுமென்றால், உங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் பெயரையும் அவர் செய்கிற பொருளையும் அவர் சம்மதத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.

பணி ஓய்வு பெற்றுவிட்டாலும் வீட்டுப்பாடம் கொடுக்கிற பழக்கம் போகவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் ஊர்ப் பட்டறைக்குப் போங்கள். கொடுவாள் என்ன விலை, அது எத்தனை மணி நேர வேலை, இந்த மாதம் எத்தனை விற்றது என்று கேட்டுவந்து கீழே எழுதுங்கள். வெறும் கைகூப்புப் படம் போடுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் சார்